லாரன்ஸ் நகரின் இரண்டு பிரீன்கள்

"எங்கள் ஆட்கள் யாரிடமும் எதையும் கேட்டுப் பெறவில்லை, வந்தார்கள், உழைத்தார்கள், தாமாகவே மேலே வந்தார்கள்." மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பழைய ஆலை நகரமான லாரன்ஸில், அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளை ஒட்டி மார்ச் மாதத்தில் நடக்கும் ஐரிஷ் மரபுக் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் என்னிடம் இப்படிச் சொன்னார். தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தையும் அதே துறையில் இருந்தவர். தந்தையின் பாட்டனார், மெரிமாக் ஆற்றின் குறுக்கே கருங்கல் அணை எழுந்துகொண்டிருந்த காலத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். பக்கத்து ஊரில் குடியிருக்கும், இந்தக் கூட்டத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத என்னை உட்காரவைத்து, திராட்சை போட்ட சோடா ரொட்டியைத் தட்டில் எடுத்துவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்த அன்பான மனிதர் அவர். குரலில் கடுமை எதுவும் இல்லை. ஆனால் சன்னலுக்கு வெளியே தெரு முழுவதும் ஸ்பானிய மொழி கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய கண் ஒரு கணம் அந்தப் பக்கம் போய்வந்ததில், அந்த வாக்கியம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது விளங்காமல் போகவில்லை.

அந்தப் பேச்சு அதன்பின் வெகுநாள் என்னை விடவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் மறந்திருப்பேன்; பாதி உண்மையாக இருந்ததுதான் சிக்கல். உழைத்தார்கள் என்பதை மறுக்க யாராலும் முடியாது. அணையும் கால்வாயும் இன்றும் நிற்கின்றன. 'கேட்டுப் பெறவில்லை' என்னும் பகுதிதான் இடறிக்கொண்டே இருந்தது. இந்த ஆலை நகரங்களின் வரலாற்றில் ஐரிஷ்காரர்களைப் போல விடாமல், கூட்டாகத் திரண்டு, கோவிலிலும் நகர மன்றத்திலும் வாக்குச்சாவடியிலும் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அப்படிக் கேட்டிராவிட்டால் அந்தப் பெரியவரின் குடும்பத்துக்குத் தீயணைப்பு நிலையத்தில் தலைமுறை தலைமுறையாக இடம் கிடைத்திருக்காது. மரபு விழா மேடைகளில் பஞ்சம், கப்பல், அணை என்று கதை தொடங்கி, நேராக மேயர் நாற்காலிக்குத் தாவிவிடுகிறது. இடையில் நடந்ததைச் சொல்வதில்லை. நாற்காலியில் அமர்ந்த பிறகு நடந்ததை, குறிப்பாக 1912ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது நடந்ததை, மார்ச் மாதத்தில் யாரும் வாயால்கூட எடுப்பதில்லை.

ஓர் ஏக்கர் நிலமும் ஒரு பள்ளிக்கூடமும்

கேட்டது எங்கே தொடங்கியது என்று பார்க்க, அதே ஆற்றில் சற்று மேற்கே இருக்கும் லோவெலுக்குப் போக வேண்டும். 1822 ஏப்ரலில் ஹியூ கமிஸ்கி என்பவர் ஐரிஷ் கூலியாட்கள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனிலிருந்து கால்நடையாகவே அங்கு வந்து, ஆலை முதலாளிகளின் முகவரான கிர்க் பூட்டைச் சந்தித்தார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கால்வாயை அகலப்படுத்துவது அவர்களுக்குக் கிடைத்த வேலை. திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் என்று பெயர் வாங்கிய லோவெலில், பண்ணைக் குடும்பங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்த இளம்பெண்களுக்குச் செங்கல் விடுதிகள் வரிசையாக எழுந்தன. கால்வாய் வெட்டியவர்கள் எங்கே தங்குவார்கள் என்பது அந்தத் திட்டத்தில் எங்கும் இல்லை. பலகையும் மண்ணும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் போய்விடுவார்கள் என்று முதலாளிகள் எண்ணியிருக்க வேண்டும். அவர்கள் போகவில்லை.

1831இல் அந்தக் குடிசைப் பகுதியில் புனித பேட்ரிக் ஆலயம் எழுந்தது. கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளூர்க் கும்பல் ஒன்று கல்லெறிந்து கலவரம் செய்தது. ஆலயம் நின்ற நிலத்தைக் கொடுத்தது கால்வாய்க் கம்பெனி. இன்றும் அந்தப் பகுதிக்கு 'ஏக்கர்' என்றுதான் பெயர். நிலம் கொடுத்ததைத் தருமம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்குத்தந்தை ஒருவர் நிலையாக இருந்தால் ஆட்கள் குடியையும் சண்டையையும் குறைத்துக்கொண்டு காலையில் ஒழுங்காக வேலைக்கு வருவார்கள் என்னும் கணக்கும் அதில் இருந்தது. என்றாலும், கேட்டவர்கள் இருந்தார்கள், கொடுத்தவர்கள் இருந்தார்கள். அடுத்து நடந்தது இன்னும் வியப்பானது. கத்தோலிக்கப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் மறுத்ததால், நகர நிர்வாகம் இறங்கிவந்து ஓர் உடன்பாடு செய்துகொண்டது. பள்ளிச் செலவு பொதுப்பணத்திலிருந்து வரும்; ஆசிரியர்கள் கத்தோலிக்கர்களாக இருப்பார்கள்; அவர்கள் சமயத்தைப் பழிக்கும் பாடநூல் எதுவும் வைக்கப்படாது; தேர்வும் மேற்பார்வையும் மட்டும் நகரப் பள்ளிக் குழுவின் கையில் இருக்கும். 1830களில் தொடங்கிய இந்த ஏற்பாடு 1850களின் தொடக்கம் வரை நீடித்தது. தமக்கென்று தனி ஆசிரியர், தனிப் புத்தகம், அதற்குப் பொதுப்பணம்: இன்று ஒரு குடியேறிய சமூகம் இந்தக் கோரிக்கையோடு நகர மன்றத்தில் போய் நின்றால், 'இவர்கள் கலந்து வாழ மாட்டார்கள்' என்று முதலில் எழுந்து பேசுபவரின் குடும்பப் பெயர் என்னவாக இருக்கும் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

லாரன்ஸ் அதற்குப் பிந்திய ஊர். பாஸ்டன் முதலீட்டாளர்களின் எசெக்ஸ் கம்பெனி 1845இல் வெற்று நிலத்தை வாங்கி, 1848க்குள் கருங்கல் அணையைக் கட்டி முடித்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள். அயர்லாந்துப் பஞ்சத்தின் கொடிய ஆண்டுகளும் அணை எழுந்த ஆண்டுகளும் ஒன்றே. அணையின் அருகிலேயே அவர்களுடைய குடிசைகளும் இருந்தன. 1854 ஜூலையில் லாரன்ஸில் அவர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. அதே ஆண்டின் இறுதியில், குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்ப்பதையே கொள்கையாகக் கொண்ட 'நோ நத்திங்' கட்சி மாநிலத்தையே அள்ளிக்கொண்டு போனது. அதன் வேட்பாளர் ஹென்றி கார்ட்னர் ஆளுநரானார். ஐரிஷ் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. கன்னியர் மடங்களுக்குள் புகுந்து சோதனையிடச் சட்டமன்றம் ஒரு குழுவை அமைத்தது. மடங்களில் ஊழலைத் தேடிப் போன அந்தக் குழுவின் உறுப்பினர் ஒருவர், பொதுச்செலவில் ஒரு பெண்ணோடு விடுதியில் தங்கிய ஊழல் வெளிவந்து பதவி பறிபோனது தனிக் கதை.

அந்த ஆட்சி விட்டுச்சென்றவற்றில் நெடுங்காலம் நின்றது 1857இல் மாநில அரசமைப்பில் சேர்ந்த திருத்தம்தான். ஆங்கிலத்தில் அரசமைப்பைப் படிக்கவும் தன் பெயரை எழுதவும் தெரியாதவருக்கு இனி வாக்கு இல்லை என்றது அது. 1859இல் வந்த இன்னொரு திருத்தம், குடியுரிமை பெற்ற பிறகும் இரண்டு ஆண்டு காத்திருந்தால்தான் வாக்கு என்றது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், அது நீக்கப்பட்டது. 1860 ஜனவரி 10 மாலையில் லாரன்ஸின் பெம்பர்டன் ஆலை, உள்ளே நூற்றுக்கணக்கானோர் வேலை செய்துகொண்டிருந்தபோதே அப்படியே சரிந்து விழுந்ததையும், இடிபாடுகளுக்கிடையே மீட்பு வேலை நடந்தபோது விளக்கிலிருந்து தீப்பற்றியதையும், மாண்டவர்களில் ஐரிஷ் பெண்கள் பலர் இருந்ததையும் மரபுக் கூட்டங்களில் தவறாமல் நினைவுகூர்கிறார்கள்; ஆகவே இங்கே அதை விரிக்கவில்லை. வாக்குரிமைத் திருத்தங்களைத்தான் யாரும் நினைவுகூரக் காணோம்.

ஈமச்சடங்குத் தொழிலிலிருந்து மேயர் நாற்காலிக்கு

அயர்லாந்தின் டிப்பெரரியில் பிறந்த ஜான் பிரீன் 1881 இறுதியில் லாரன்ஸின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பகுதியில் மேயரான முதல் ஐரிஷ் கத்தோலிக்கர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அடுத்த ஆண்டே லோவெல் ஜான் டோனவனைத் தேர்ந்தெடுத்தது. பாஸ்டன் நகரம் ஹியூ ஓப்ரையனைத் தேர்ந்தெடுத்தது அதற்கும் பிறகு, 1884 இறுதியில். பெருநகரத்துக்கு முன்னால் ஆலை ஊர்கள் முந்திக்கொண்டன என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். பரப்பளவில் சிறிய ஊர். ஒரே ஆலைச் சங்கு. ஒரு வார்டில் ஒரே குடியின் ஆட்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிரீனின் தொழில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்வது. இதைப் படித்தபோது அவர் எப்படி வென்றார் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. இரவு முழுவதும் உறவும் ஊரும் கூடி விழித்திருந்து இறந்தவரை வழியனுப்பும் வழக்கம் ஐரிஷ்காரர்களுக்கு உண்டு. ஒவ்வொரு வீட்டின் மோசமான நாளிலும் அங்கே நிற்பவர் அவர். யாருக்குப் பணம் இல்லை, யாருக்கு எப்போது தவணை கொடுத்தோம், எந்த வீட்டுப் பையன் வேலையில்லாமல் சுற்றுகிறான், எந்த விதவைக்கு உதவி தேவை என்பதையெல்லாம் பங்குத்தந்தைக்கு அடுத்தபடியாக அறிந்தவர் அவராகத்தான் இருந்திருப்பார். இப்படிப்பட்ட ஒருவருக்கு வார்டு கூட்டம் நடத்தத் தனியாக ஆள் திரட்ட வேண்டியதில்லை. பங்கு ஆலயம், தொழிலாளர் உதவிச் சங்கங்கள், மதுவிலக்குச் சங்கம், ஐரிஷ் சகோதரச் சங்கமான ஹைபெர்னியன்கள் ஆகிய எல்லாவற்றிலும் அதே முகங்கள் இருந்தன. தேர்தல் நாளில் அந்த முகங்களே வாக்குகளாயின.

மேயர் பதவி வந்த பின் நகராட்சி வேலைகள் வந்தன. காவல் துறை, தீயணைப்புத் துறை, தெருப் பராமரிப்பு, பள்ளி ஆசிரியப் பணி என்று ஒவ்வொன்றிலும் ஐரிஷ்காரர்கள் நுழைந்தார்கள். இதைச் சொந்தக்காரர்களுக்கு வேலை கொடுக்கும் அரசியல் என்று இகழ்ந்து எழுதியவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அந்த இகழ்ச்சியில் உடன்பாடு இல்லை. ஆலையில் மேற்பார்வையாளரின் ஒரு சொல்லில் வேலை போய்விடும். கூலியை எப்போது வேண்டுமானாலும் குறைப்பார்கள். தறிக்கூடத்தின் பஞ்சுத்தூசி நுரையீரலில் இறங்கி இளவயதிலேயே ஆளைக் கொல்லும். இந்தச் சூழலில், முதலாளி கைவைக்க முடியாத ஒரு மாதச் சம்பளத்தை ஒரு குடும்பத்துக்குப் பெற்றுத்தருவது சாதாரணக் காரியம் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் பெண்பிள்ளைகள் படித்து ஆசிரியர்களானார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கேட்டோம், திரண்டோம், பெற்றோம் என்று பெருமையாகவே சொல்லலாம். சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது: நாம் கேட்டுப் பெற்றதாக ஒப்புக்கொண்டால், அடுத்து வருபவர் கேட்கும்போது மறுக்கக் காரணம் இல்லாமல் போய்விடும்.

1912 ஜனவரி

அடுத்து வந்தவர்கள் கேட்ட ஆண்டு 1912. அதற்குள் லாரன்ஸின் மக்கள்தொகை 85,000ஐத் தாண்டிவிட்டது. இத்தாலியர், போலந்துக்காரர், லித்துவேனியர், சிரியர், பிரெஞ்சுக் கனடியர் என்று பல மொழிக்காரர்கள் ஆலைகளை நிறைத்திருந்தார்கள். பெண்களுக்கும் சிறார்களுக்கும் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 மணியாகக் குறைக்கும் மாநிலச் சட்டம் அந்த ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; ஆலைகள் நேரத்தோடு சேர்த்துக் கூலியையும் குறைத்தன. வாரத்துக்கு ஏறத்தாழ 32 சென்ட் குறைந்தது. ஜனவரி 11 அன்று எவரெட் ஆலையின் போலந்துப் பெண்கள் கூலி உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தறிகளை நிறுத்தி வெளியே வந்தார்கள். சில நாட்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேயர் மைக்கேல் ஸ்கேன்லன் ஐரிஷ் வழிவந்தவர். காவல் துறையின் பெரும்பகுதி ஐரிஷ். நெசவில் மேல்நிலை வேலைகளில் இருந்த ஐரிஷ் தொழிலாளர்களில் பலர் விலகியே நின்றார்கள். புனித மரியன்னை ஆலயத்தின் பங்குத்தந்தை ஜேம்ஸ் ஓரெய்லி, கூலி குறைவு என்பதை அறியாதவர் அல்லர்; ஆனால் வெளியிலிருந்து வந்து வேலைநிறுத்தத்தை நடத்திய உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தைத் தம் நகரத்தின் பகைவனாகவே கண்டார். இவ்வளவையும் அந்தக் காலத்துச் சூழலைக் கொண்டு புரிந்துகொண்டுவிடலாம். ஜனவரி 20 அன்று நடந்ததை அப்படிப் புரிந்துகொள்வது கடினம்.

அன்று நகரத்தின் மூன்று இடங்களில் காவல் துறையினர் டைனமைட் கண்டெடுத்தார்கள். வேலைநிறுத்தத்தின் தலைவர் ஜோசப் எட்டருக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த அச்சகத்தை ஒட்டிய செருப்புக் கடை ஒன்று; சிரியர் ஒருவரின் இடம் இன்னொன்று; இடுகாட்டுப் பக்கம் மூன்றாவது. பயங்கரவாதிகள் ஊரைத் தகர்க்க வந்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் அலறின. குடியிருப்புகளில் புகுந்து இத்தாலியரையும் சிரியரையும் கைது செய்தார்கள். ஆனால் வெகு விரைவிலேயே நூல் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வெடிமருந்தை அந்த இடங்களில் வைத்தவர் என்று கைதானவர் ஜான் ஜே. பிரீன்: ஈமச்சடங்குத் தொழில் செய்பவர், நகரப் பள்ளிக் குழுவின் உறுப்பினர், முன்னாள் மேயர் ஜான் பிரீனின் மகன்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தந்தை பிறந்தது பஞ்சத்துக்கு உள்ளான மண்ணில். அவர் வந்து சேர்ந்த ஊர், அவருடைய ஆட்களை வன்முறையாளர்கள், அந்நிய மதத்தலைமைக்குக் கட்டுப்பட்டவர்கள், வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் என்று பழித்த ஊர். அந்தப் பழியைத் துடைத்துத்தான் அவர் மேயரானார். சரியாக முப்பது ஆண்டு கழித்து, அவருடைய மகன், அதே பழியை வேறு மக்கள்மீது சுமத்துவதற்காகப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போய் இரவில் வைத்துவிட்டு வருகிறார். தந்தையிடமிருந்து அவருக்கு வந்தவை தொழிலும், ஊரில் இருந்த பெயரும், பள்ளிக் குழு இருக்கையும். யார் கதவையும் தட்டாமல் ஊருக்குள் எங்கும் போய்வரும் உரிமை ஈமச்சடங்குக்காரருக்கு உண்டு. அவர் இடுகாட்டுப் பக்கம் நடமாடினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தந்தைக்கு வாக்கு வாங்கித் தந்த அதே அறிமுகம் மகனுக்கு இதற்குப் பயன்பட்டது.

சதி பிரீனோடு நிற்கவில்லை. லாரன்ஸின் பெரிய ஆலைகளை நடத்திய அமெரிக்கன் வூலன் கம்பெனிக்கு ஆலை கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் எர்னஸ்ட் பிட்மன் அந்த ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார். கம்பெனித் தலைவர் வில்லியம் வுட் மீதே குற்றச்சாட்டு பதிவாகி, 1913இல் விசாரணை நடந்து, அவர் விடுதலையானார். வுட்டும் வேறு யாருமல்லர், அசோர்ஸ் தீவுகளிலிருந்து குடியேறிய போர்த்துக்கேயரின் மகன். பிரீனுக்குக் கிடைத்த தண்டனை 500 டாலர் அபராதம், சிறை இல்லை. இதற்கிடையே ஜனவரி 29 அன்று அன்னா லோப்பிசோ என்னும் தொழிலாளி தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டரும் அவருடைய தோழர் அர்த்துரோ ஜியோவனிட்டியும் அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் அவர்கள்மீது கொலைக்குத் தூண்டியதாக வழக்குப் போட்டு, பிணை மறுத்து, நவம்பரில் நடுவர் குழு விடுதலை செய்யும் வரை உள்ளேயே வைத்திருந்தார்கள். டைனமைட் வைத்தவருக்கு அபராதம், பேசியவர்களுக்குப் பத்து மாதச் சிறை. நகரத்துக்கு உரியவர் யார், வெளியாள் யார் என்பதற்கு 1912இன் லாரன்ஸ் தந்த விடை இது.

வேலைநிறுத்தம் மார்ச் நடுவில் வெற்றியோடு முடிந்தது. குறைந்த கூலிக்காரர்களுக்கு அதிக விழுக்காடு உயர்வு கிடைத்தது. அக்டோபர் 12 அன்று ஓரெய்லியின் முன்முயற்சியில் 'கடவுளுக்கும் நாட்டுக்கும்' என்னும் முழக்கத்தோடு பெரும் ஊர்வலம் போனது. தேசியக் கொடி ஏந்திப் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். அதன்பின் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவதே கெட்ட பேச்சாகிப்போனது. அதில் கலந்துகொண்டவர்கள் தம் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாமல் இறந்தார்கள். ஆலை இயந்திரத்தில் தலைமுடி சிக்கி உச்சித்தோல் பிய்ந்த சிறுமி கமெல்லா தியோலி 1912இல் வாஷிங்டன் சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னவர். அம்மாவின் தலையில் இருந்த வழுக்கைத் தழும்பை வருடக்கணக்காகக் கொண்டையால் மூடிவிட்ட மகளுக்கு அந்தச் சாட்சியத்தைப் பற்றி அம்மா ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. 1970களின் இறுதியில் ஒரு பத்திரிகையாளர் வந்து சொல்லித்தான் மகளுக்குத் தெரிந்தது.

மரபில் சேர்க்கப்படாத ஒரு பெண்

ஐரிஷ்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று எழுதினால் அது அநியாயம். எட்டர் கைதான பிறகு வேலைநிறுத்தத்தைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவர் எலிசபெத் கர்லி ஃபிளின். வயது 21. தாய் அயர்லாந்தின் கால்வேயில் பிறந்தவர். தந்தையும் ஐரிஷ் குடிவழி. ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த முன்னோர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். லாரன்ஸில் அவர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசினார். பசித்த பிள்ளைகளை வேறு நகரங்களின் ஆதரவாளர் வீடுகளுக்கு ரயிலேற்றி அனுப்பும் ஏற்பாட்டில் உழைத்தார். பிப்ரவரி 24 அன்று ரயில் நிலையத்தில் காவலர்கள் தாய்மாரையும் பிள்ளைகளையும் தடியால் அடித்ததுதான் நாட்டின் மனத்தைத் திருப்பியது. அங்கே அடித்த கைகளிலும் ஐரிஷ் கைகள் உண்டு, பிள்ளைகளை ரயிலேற்ற முயன்ற கைகளிலும் உண்டு. எது மரபு?

ஃபிளின் பிறந்தது பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்ட் நகரில். 2023 மே 1 அன்று அவருடைய பிறந்த வீடு இருந்த இடத்தருகே மாநில அரசின் வரலாற்றுப் பலகை ஒன்று திறந்துவைக்கப்பட்டது. பிற்காலத்தில் அவர் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரானார் என்பதால் மாநில நிர்வாக மன்றத்தினரிடமிருந்து எதிர்ப்பு கிளம்பி, ஆளுநரும் சேர்ந்துகொள்ள, இரண்டு வாரத்துக்குள் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். கம்யூனிசத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அவர் அங்கே பிறந்தார் என்பது கருத்து அல்ல. மரபு என்பது பாட்டி வீட்டுப் பரண் மாதிரி: எல்லாம் உள்ளே கிடக்கும், விருந்தாளி வரும்போது எதைக் கீழே இறக்குவது என்பதை வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஏணி இப்போது யார் கையில்

இன்றைய லாரன்ஸில் ஐந்தில் நால்வர் ஸ்பானிய மொழி பேசும் குடிவழியினர். பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் வந்தவர்கள். 1998இல் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் லாரன்ஸ் நகரத்தின்மீது வழக்குத் தொடுத்தது: ஸ்பானிய மொழியில் தேர்தல் தகவலும் உதவியும் தரவில்லை, அந்த மக்களின் வாக்குரிமைக்குக் குந்தகம் நேர்கிறது என்று. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தால்தான் வாக்கு என்று அணை கட்டியவர்களை நோக்கி மாநிலம் சொல்லி, அப்போது நூற்று நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. 2010இல் வில்லியம் லாண்டிகுவா பதவியேற்று, மாசசூசெட்ஸின் முதல் லத்தீன் இன மேயரானார். லோவெலில் 2017இல் ஆசிய, லத்தீன் குடிமக்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நகரம் முழுவதும் ஒரே தொகுதியாக வாக்களிக்கும் முறையால் தங்கள் ஆட்கள் யாரும் வெல்ல முடியவில்லை என்பது அவர்கள் வாதம். 2019இல் சமரசமாகி, 2021 தேர்தலில் மாவட்டத் தொகுதிகள் வந்தன. அடுத்த ஜனவரியில் கம்போடியாவிலிருந்து அகதியாக வந்த சோகாரி சாவ் மேயரானார். ஒரு தெருவுக்குள் நெருங்கி வாழ்பவர்கள் தம் வார்டிலிருந்து ஒருவரை அனுப்புவது, 1880களின் பிரீனும் டோனவனும் ஏறிய அதே படி.

இப்படிச் சொல்வதால், ஐரிஷ் மரபு இந்த ஊர்களில் வெறும் பச்சைத் தொப்பியாகிவிட்டது என்று நான் நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். தெற்கு லாரன்ஸில் புனித பேட்ரிக் பங்கு நடத்தும் இலவச உணவுக்கூடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அங்கே வருபவர்களை வரிசையில் நிறுத்தித் தட்டில் போடுவதில்லை. மேசையில் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். ஆலயத்தில் ஸ்பானிய மொழியிலும் திருப்பலி நடக்கிறது. ஐரிஷ் சகோதரச் சங்கத்தார் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். உறுப்பினர்களில் பலர் புறநகர்களுக்குக் குடிபோய்விட்ட பிறகும் கூட்டத்துக்கு இந்த ஊருக்கே திரும்பி வருகிறார்கள். பழைய காகித ஆலை நகரமான ஹோலியோக்கில் 1952 முதல் நடக்கும் புனித பேட்ரிக் ஊர்வலம் நியூ இங்கிலாந்திலேயே பெரியவற்றுள் ஒன்று. 1958இல் செனட்டர் ஜான் கென்னடி அங்கே வந்தார். அதே ஹோலியோக் 2021இல் பியூர்ட்டோ ரிக்கோ குடிவழியைச் சேர்ந்த ஜோஷுவா கார்சியாவை மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து கொண்டாடுவதும், ஊரில் இருப்பவர்கள் அதற்குத் தெருவை ஒழுங்குபடுத்திக் கொடுப்பதும் கேட்பதற்கு விநோதமாக இருக்கலாம். எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. தெரு யாருடையது என்னும் கேள்வி எழாதவரை.

லாரன்ஸில் ஓர் இக்கட்டு இருக்கிறது. ஐரிஷ் நிகழ்ச்சிகள் மார்ச்சில் நடக்கின்றன. 1912 வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் விழா, செப்டம்பரில் தொழிலாளர் தினத்தன்று, நகர மன்றத்துக்கு எதிரே உள்ள பொதுத்திடலில் நடக்கிறது. முதலாவதற்கு வருபவர்களில் மிகச் சிலரே இரண்டாவதற்கு வருகிறார்கள். ஆகவே மூத்த பிரீன் மார்ச்சில் மட்டும் வருகிறார், இளைய பிரீன் செப்டம்பரில் மட்டும் வருகிறார். தந்தையும் மகனும் ஒரே மேடையில் சந்தித்துக்கொண்டதே இல்லை. மார்ச் நிகழ்ச்சிகளை ஒருங்கிணைப்பவர்களில் ஒருவரிடம், இருவரையும் சேர்த்து ஒரு பேச்சு வைக்கலாமே என்று கேட்டேன். அவர் முகம் சற்று மாறியது, ஆனால் மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தைக் குறைசொல்வதாக ஆகிவிடாதா என்றார். ஊர் முழுவதும் அறிந்த வழக்கு, அதுவும் நூறாண்டுக்கு முந்தியது என்றேன். டொமினிக்கன் நண்பர்களையும் அழைக்கலாமா என்று அவரே கேட்டார். இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது, அடுத்த ஆண்டு அரை மணி நேரம் ஒதுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அரை மணிக்குள் பள்ளி உடன்பாடு, வாக்குரிமைத் திருத்தம், இரண்டு பிரீன்கள் ஆகிய மூன்றையும் சொல்லி முடிக்க வேண்டும் என்பதால், பெம்பர்டன் ஆலையை விட்டுவிடலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.